பாசறையில் உறங்காதவர்கள்

தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றங்கரையில் இருக்கிறது வீரகேரளம்புதூர். பேருந்துப் பலகைகளில் அது வீ.கே.புதூராகச் சுருங்கிப் பல காலமாயிற்று. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு வட்டத் தலைநகர் என்ற அளவில் பெயர் அடிபடுகிறது; மற்றபடி குற்றாலத்துக்குச் சாரல் பார்க்க வருபவர்கள் எட்டிப் பார்க்காத ஊர். இலக்கிய வாசகர்களுக்கு மட்டும் இவ்வூர்மீது ஒரு கடன் உண்டு. ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை இங்கேதான் இருந்தது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்து, காவடிச்சிந்து பிறக்கக் காரணமாயிருந்த இருதாலய மருதப்பத் தேவர் ஆண்ட இடம் இது. பத்துப்பாட்டுப் பதிப்புக்காக உ.வே.சாமிநாதையர் திருநெல்வேலிச் சீமையில் ஏடு தேடி அலைந்த காலத்தில் இந்தச் சமஸ்தானத்தின் விருந்தினராகவும் இருந்திருக்கிறார். ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு மருதப்பத் தேவரின் பெயர் புதிதன்று.

அந்தப் பத்துப்பாட்டு 1889இல் அச்சேறியது. பத்துப் பாட்டுகளுள் இரண்டு, போர்ப் பாசறையில் உறக்கம் வராத ஓர் அரசனைப் பற்றியவை. முல்லைப்பாட்டு ஒன்று, நெடுநல்வாடை மற்றொன்று. இவற்றை அகமா புறமா என்று வாதிடுவதிலேயே நம் புலவர்கள் நெடுங்காலம் செலவிட்டுவிட்டார்கள். போர்வீரனின் உறக்கத்தைப் பற்றிய ஆவணங்களாக இவற்றைப் படித்துப் பார்த்தால் என்ன என்று நமக்குத் தோன்றியதன் விளைவே இக்கட்டுரை. தோன்றியதற்குக் காரணம் வீரகேரளம்புதூரில் நாம் கேட்ட ஒரு பேச்சு. அது பின்னால் வரும்.

முதலில் முல்லைப்பாட்டு. நப்பூதனார் இயற்றியது, 103 அடிகள் மட்டுமே கொண்டது, பத்துப்பாட்டில் மிகச் சிறியது. கார்காலத்து மாலையில் ஒரு பெண் கணவன் வருகைக்காகக் காத்திருக்கிறாள். முதிய பெண்டிர் ஊர்ப்புறத்தே போய் விரிச்சி கேட்கிறார்கள். பசியால் சுழலும் கன்றிடம் உன் தாய் வந்துவிடுவாள் என்று ஓர் ஆயர்மகள் சொல்வது காதில் விழுகிறது. நல்ல நிமித்தம்தான். ஆனால் அவள் ஆறவில்லை. இங்கே பாட்டு சட்டென்று வீட்டை விட்டுவிட்டுக் காட்டுக்குள் அமைந்த பாசறைக்குப் போகிறது.

அந்தப் பாசறையை நப்பூதனார் காட்டும் விதம் வியப்பானது. முள்வேலி, தழையால் வேய்ந்த கூரைகள், கரும்பைத் தின்னாமல் நிற்கும் யானை, அதை வடமொழிச் சொற்களால் அதட்டும் பாகர். இவற்றுக்கு நடுவே அவர் கவனம் எல்லாம் இரவுக்காவல் என்ற ஏற்பாட்டின்மீது இருக்கிறது. கச்சில் குறுவாள் கட்டிய பெண்கள் விளக்குகளில் நெய் வார்த்து, அணைய அணைய மீண்டும் ஏற்றுகிறார்கள். நாழிகைக் கணக்கர் நீர்க் கன்னலைப் பார்த்து நேரம் அறிவிக்கிறார்கள். மெய்காப்பாளராகிய முதியவர்கள் அரசனைச் சூழ நிற்கிறார்கள். காற்றில் அசையும் பூங்கொடியைப் போல அவர்கள் தூக்கத்தில் அசைகிறார்கள். இறுக உடுத்து, சட்டையணிந்த யவனர் அமைத்த கூடாரம். உள்ளறையில் சைகையால் மட்டும் பேசும் மிலேச்சர் காவல். ஒரு மனிதன் கண்மூடிக் கிடக்க இத்தனை பேர் விழித்திருக்கிறார்கள். அந்த ஒருவனுக்கோ உறக்கம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குக் கவிஞர் தரும் காரணங்களை நாம் நிறுத்திப் படிக்க வேண்டும். போர்வேட்கை என்று முதலில் ஒரு மரபுச் சொல்லைச் சொல்லிவிடுகிறார். அதன்பின் அவன் மனத்தில் ஓடுபவை வேறு. முந்தைய போரில் புண்பட்டுப் பிடிகளை மறந்த களிறுகள், துதிக்கை வெட்டுண்ட யானைகள், சோற்றுக் கடன் கழித்து விழுந்த வீரர்கள், தோற்காப்பையும் துளைத்து அம்பு தைத்ததால் செவி சாய்த்துத் தீனி கொள்ளாமல் வருந்தும் குதிரைகள். ஒரு கை படுக்கையில், ஒரு கை தலையில். இப்படியே நெடுநேரம் அவன் நினைந்து கிடக்கிறான். நாளைய போரைப் பற்றிய திட்டம் எதுவும் இதில் இல்லை. முடிந்துபோன போரின் காட்சிகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. இக்காலத்து மனநல மருத்துவர் ஒருவர் இந்த வரிகளைப் படித்தால் கையிலிருக்கும் வினாப்பட்டியலில் இரண்டு மூன்று இடங்களில் குறியிடுவார்.

பிறகு வெற்றி கிடைக்கிறது. அவன் பாசறையில் இனிது துயில்கிறான். அவன் துயில்வதை அவள் காணவில்லை. ஆகவே அவளுக்கு உறக்கமில்லை. அவன் விழித்தான், இவள் விழிக்கிறாள். எழுநிலை மாடத்தில், கூரையிலிருந்து விழும் மழைநீரின் ஓசையைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். அப்போது கொம்பும் வளையும் ஒலிக்கின்றன. பாட்டு முடிகிறது.

நெடுநல்வாடை வேறு மாதிரி. நக்கீரர் பாடியது, 188 அடிகள். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்று பெயர் சொல்லாமல், வேலில் கட்டிய வேப்பந்தாரைக் காட்டிவிட்டதால் இது புறம் ஆயிற்று என்பது பழைய உரைகாரர் தீர்ப்பு. அரண்மனையில், நாற்பது வயது யானையின் தந்தத்தால் இழைத்த கட்டிலில், அரசி தேற்றுவார் சொல் கேளாமல் இருக்கிறாள். அரசனோ நள்ளிரவில் வாடைக்காற்றில் பாசறைத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறான். விளக்குகள் காற்றில் சாய்கின்றன. படைத்தலைவன் ஒருவன் முன்னால் நடந்து, புண்பட்டுக் கிடக்கும் வீரர்களை வேலால் சுட்டி ஒவ்வொருவராகக் காட்டிவருகிறான். நழுவும் மேலாடையை இடக்கையால் தழுவிக்கொண்டு, முகமலர்ச்சியோடு அரசன் அவர்களிடம் போகிறான். உடன் வருபவர் சிலர் மட்டுமே.

முல்லைப்பாட்டின் அரசன் தன் படையின் புண்ணைப் படுக்கையில் கிடந்து நினைக்கிறான். நெடுநல்வாடையின் அரசன் எழுந்துபோய்ப் பார்க்கிறான். இவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் இந்த வேறுபாடு 1917இல் ஸ்காட்லாந்தின் ஒரு மருத்துவமனையில் மிக முக்கியமான கேள்வியாக மாறியது.

அங்கே போவதற்குமுன் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. அரசனுக்கு வேண்டிய பண்புகளுள் ஒன்றாக வள்ளுவர் ‘தூங்காமை’யைச் சொல்கிறார். மேடைப்பேச்சாளர்கள் இதைக் கண்விழித்தல் என்று விளக்குவதுண்டு. பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல், தாழ்த்துதல். வள்ளுவர் கேட்டது காலம் தாழ்த்தாமையை மட்டுமே. அரசன் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. உறக்கத்துக்குப் பழைய சொல் துயில், மற்றொன்று துஞ்சுதல். இந்தத் துஞ்சுதலே மன்னர்களின் சாவுக்கும் சொல்லாயிற்று. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று புறநானூற்றின் பெயர்கள். கி.பி. 949இல் தக்கோலப் போரில் யானைமீதிருந்தபடியே இறந்த சோழ இளவரசன் இராசாதித்தன் ‘ஆனைமேற்றுஞ்சின தேவர்’ ஆனான். போர்க்களத்தில் தடையின்றிக் கிடைத்த உறக்கம் அது ஒன்றுதான் போலும்.

புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. முரசு நீராடப் போயிருந்த வேளையில், அது வைக்கப்படும் கட்டிலில் மோசிகீரனார் அறியாமல் ஏறி உறங்கிவிட்டார். வாளால் வெட்டவேண்டிய குற்றம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவர் எழும்வரை நின்று விசிறி வீசினான். அரசனின் கருணைக்கும் புலவனின் பெருமைக்கும் சான்றாக இதைக் காட்டுவோம். நமக்கு இன்னொன்றும் படுகிறது. அரசன் ஒரு புலவனின் களைப்பை மன்னித்தான். அந்தக் கட்டிலில் கிடந்தவன் காவற்காரனாக இருந்திருந்தால்?

படைகள் உறக்கத்தை அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. உலகின் பெரிய போர்க்காவியங்கள் இரண்டும் அதற்குச் சாட்சி. இலியத்தின் பத்தாம் காண்டத்தில் அகமெம்னோனுக்கு உறக்கம் வரவில்லை. எழுந்து போனால் தம்பி மெனிலாஸும் விழித்திருக்கிறான். அன்றிரவே கிரேக்கர் இருவர் எதிரிப் பாசறைக்குள் புகுந்து, களைத்து உறங்கிய திரேசியர் பன்னிருவரையும் அவர்கள் அரசனையும் கொல்கிறார்கள். மகாபாரதத்தில் ஒரு பருவத்துக்கே சௌப்திகம், அதாவது உறக்கத்தைப் பற்றியது என்று பெயர். ஆலமரத்தடியில் கிருபனும் கிருதவர்மனும் உறங்கிவிடுகிறார்கள். அசுவத்தாமனுக்குக் கண் மூடவில்லை. இரவில் ஓர் ஆந்தை உறங்கும் காக்கைகளைக் கொல்வதைப் பார்க்கிறான். அந்தக் காட்சிதான் அவனைப் பாண்டவர் பாசறைக்கு அனுப்புகிறது. அங்கே நிகழ்ந்த கொலைகளை உறங்குபவர்களின் கதையாகவே படித்துவந்திருக்கிறோம். உறங்க முடியாதவன் ஒருவனின் கதை என்றும் அதைப் படிக்கலாம்.

இந்த அச்சம் சட்டமாக உறைந்தது. 1881ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் இராணுவச் சட்டப்படி, போர்க்காலத்தில் காவல் நிலையில் உறங்குவது மரண தண்டனைக்குரிய குற்றம். முதல் உலகப்போரில் இதற்காக 449 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நிறைவேற்றப்பட்டவை இரண்டே. அவ்விருவரும் 1917இல் மெசபொடேமியாவில் சுடப்பட்டார்கள். 447 முறை மேலதிகாரிகள் தண்டனையைக் குறைத்திருக்கிறார்கள் என்றால், சட்டம் கேட்பதை உடல் தராது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது என்று பொருள். ஆனாலும் சட்டம் நின்றது. அந்தப் போரில் இப்படிக் குற்றம் சாட்டப்பட்டுச் சுடப்பட்டவர்களுக்கு 2006இல் ஒரு சட்டத்தின் வழியே மன்னிப்பு வழங்கப்பட்டது. சுதந்திர இந்தியாவின் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தில் மரண தண்டனை இல்லை. காவலில் உறங்கிய சிப்பாய்க்குப் போர்ப்பணியின்போது பதினான்கு ஆண்டுகள் வரையும், மற்றக் காலத்தில் ஏழாண்டுகள் வரையும் சிறை என்கிறது அதன் 36ஆம் பிரிவு. இதைத் தவறென்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஒருவன் கண்ணயர்ந்தால் நூறு பேர் சாகக்கூடிய இடம் அது. நாம் கவனிப்பது ஒன்றையே: நெடுங்காலம் இராணுவங்களின் ஏடுகளில் உறக்கம் ஒழுக்கம் என்ற பக்கத்தில் மட்டும் எழுதப்பட்டது, உடல்நலம் என்ற பக்கத்துக்கு அது வரவேயில்லை.

பக்கம் மாறத் தொடங்கியது முதல் உலகப்போரில்தான். 1915இல் சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் ‘லான்செட்’ இதழில் எழுதியதன் வழியே ‘ஷெல் ஷாக்’ என்ற சொல் மருத்துவ உலகில் நிலைத்தது. அவருடைய நண்பரும் ஆசிரியருமான டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், எடின்பரோவுக்கு அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் மனம் சிதைந்த அதிகாரிகளைக் கவனித்துவந்தார். இந்த ரிவர்ஸ் நமக்கு அந்நியர் அல்லர். 1901-02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களிடையே களப்பணி செய்து, 1906இல் ‘தி தோடாஸ்’ என்ற பெருநூலை வெளியிட்டவர் அவரே. தோடர்களின் பால்மடச் சடங்குகளையும் குலமரபுகளையும் ஒருவர் ஒருவராகக் கேட்டு எழுதிய அந்தக் காது, பதினைந்து ஆண்டுகள் கழித்துப் போர்வீரர்களின் கெட்ட கனவுகளைக் கேட்டது. மானிடவியலுக்கும் மனநோய் மருத்துவத்துக்கும் நடுவே நீலகிரி வழியாக ஓர் ஒற்றையடிப்பாதை இருப்பது நமக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது.

அந்த மருத்துவமனையில் நோயாளியாக இருந்த கவிஞர் சசூன் பின்னர் எழுதிய நினைவுகளின்படி, அங்கே பகல்கள் கோல்ஃபும் அரட்டையுமாகக் கலகலப்பாகக் கழிந்தன. இரவில் அறைதோறும் கனவில் அலறும் குரல்கள். ஒவ்வொருவனும் தன் பதுங்குகுழிக்குத் திரும்பிப் போனான். இந்தப் பகலுக்கும் அந்த இரவுக்கும் உள்ள தொடர்பைத்தான் ரிவர்ஸ் பிடித்தார். அக்காலத்து மருத்துவர்கள் நோயாளிகளிடம், நடந்ததை மறந்துவிடுங்கள், நல்லதை நினையுங்கள் என்று சொல்லிவந்தார்கள். வீரர்களும் உண்மையாகவே முயன்றார்கள். பகலில் வென்றார்கள். விளக்கணைந்ததும் பகலில் தள்ளிவைத்தது அத்தனையும் திரும்பி வந்தது. பகலில் அதைப் பேசு, நினை, முகத்துக்கு நேராகப் பார் என்றார் ரிவர்ஸ். 1917 டிசம்பரில் அவர் ஆற்றிய உரை 1918 பிப்ரவரியில் ‘லான்செட்’டில் வந்தது.

அதில் ஒரு நிகழ்ச்சி. குண்டுவீச்சில் சிதறிப்போன நண்பனின் உடலைக் கண்டெடுத்த ஓர் அதிகாரி. இரவுதோறும் அதே உடல் கனவில் வரும். சில இரவுகளில் அது அவனை நோக்கி வரும். உறங்கவே அஞ்சினான். அவ்வளவு சிதறியிருந்தால் நண்பன் வலியறியாமல் நொடியில் இறந்திருக்க வேண்டும் என்பதை ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். அதை நினைத்துப் பார்ப்பதாகச் சொல்லிப் போனான். சில இரவுகள் கனவு வரவில்லை. பிறகு வந்தது, ஆனால் அதில் அவன் நண்பனைத் தேடிப் போய், அருகே மண்டியிட்டு, உடைமைகளை எடுத்துக்கொள்கிறான். விழித்தபோது அச்சம் இல்லை, துக்கம் இருந்தது. நக்கீரரின் அரசன் நள்ளிரவில் வீரர் ஒவ்வொருவரிடமும் போய் நிற்பதை இந்தப் பக்கத்தைப் படித்தபின் நாம் வேறு கண்ணால் பார்த்தோம். ஒப்புமையை மிகைப்படுத்த விரும்பவில்லை. நக்கீரர் மருத்துவம் எழுதவில்லை. ரிவர்ஸும் வெற்றிகளை மட்டும் எழுதவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அழுகிய பிணத்தின்மேல் முகம் புதைய விழுந்த ஒருவனுக்குத் திரும்பி நினைத்துப் பார்க்கத் தக்க ஒரு நல்ல இழையும் இல்லை. அவனுக்குத் தம் முறை உதவவில்லை என்று ரிவர்ஸ் ஒளிக்காமல் எழுதினார். அவன் படையை விட்டு விலகி நாட்டுப்புறம் போய்ச் சேர்ந்தான்.

இரண்டாம் உலகப்போர் இந்தப் பாடத்தை மறந்தது. உறக்கத்தைக் குணப்படுத்துவதைவிட ஒழிப்பது எளிதாகத் தெரிந்தது. 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஜெர்மானியத் தரைப்படைக்கும் வான்படைக்கும் மூன்றரைக் கோடி ஊக்க மாத்திரைகள் போயின; பெர்விட்டின் அவற்றுள் ஒன்று. பிரிட்டனும் அமெரிக்காவும் பென்சட்ரினை விநியோகித்தன. நொறுங்கித் திரும்பியவர்களுக்கு எதிர்த்திசையில் மருந்து. உறக்க மாத்திரை கொடுத்து நாட்கணக்கில் தூங்கவைத்தார்கள். விழிக்க ஒன்று, உறங்க ஒன்று. நடுவே இருந்த மனிதன் கணக்கில் வரவில்லை.

மாத்திரை கடன்தான் கொடுக்கும், கடனை அடைக்காது. இது ஆய்வகத்தில் தெளிவாக நிறுவப்பட்டது 2003இல். நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் மட்டும் படுக்கையில் விடப்பட்டவர்கள், இரண்டு வார முடிவில், ஓரிரு இரவுகள் முழுதும் கண்விழித்தவர்களின் அளவுக்குத் தடுமாறினார்கள் என்று வான் டோங்கனும் டிங்கஸும் காட்டினார்கள். அதைவிடக் கலவரமூட்டும் செய்தி, தாங்கள் தடுமாறுவது அவர்களுக்கே பெரிதாகத் தெரியவில்லை என்பது. ஆறு மணிநேரம் போதும், எனக்குப் பழகிவிட்டது என்று சொல்லும் அதிகாரிகள் எல்லாப் படைகளிலும் உண்டு. நம் அலுவலகங்களிலும் உண்டு. 2009இல் அமெரிக்க இராணுவத்தின் வால்ட்டர் ரீட் ஆய்வு நிறுவனத்தார் மறுபக்கத்தைக் காட்டினார்கள். கடும்பணிக்கு முந்தைய ஒரு வாரம் இரவுக்குப் பத்து மணிநேரம் படுக்கையில் இருக்கவிட்டால், பின்வரும் உறக்கக் குறைவை உடல் ஓரளவு தாங்குகிறது, மீள்வதும் விரைவாகிறது.

இவ்வளவு தெரிந்திருந்தும் 2017இல் அமெரிக்கக் கடற்படையின் இரண்டு போர்க்கப்பல்கள் வணிகக் கப்பல்களோடு மோதின. ஜூனில் ஜப்பான் அருகே ஏழு பேர், ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே பத்துப் பேர் இறந்தார்கள். விசாரணைகளில் வந்த பல காரணங்களுள் மாலுமிகளின் களைப்பும் ஒன்று. உடலின் இருபத்துநான்கு மணிநேரச் சுழற்சிக்கு இசையக் காவல்முறைகளை மாற்றியமைக்கும் கட்டாயம் அதன்பிறகு வந்தது. 2020இல் அமெரிக்கத் தரைப்படையின் உடல்நலக் கையேடு, வாய்ப்புக் கிடைக்கும்போது பகலில் சிறிது உறங்கிக்கொள்ளும்படி வீரர்களுக்குச் சொன்னது. பகலுறக்கம் கூடாது என்று விதித்த நம் தேரையர் முகம் சுளிக்கலாம். இரவில் உறங்கக் கொடுத்துவைத்தவர்களுக்காக எழுதியவர் அவர்.

மனநலத்தோடு உறக்கத்துக்குள்ள உறவு பற்றிய எண்ணமும் இந்த ஆண்டுகளில் தலைகீழாயிற்று. போர்ப்பின்னடைவு நோய் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் பட்டியலில் ஏறியபோது, தூக்கமின்மையும் கெட்ட கனவும் அதன் அறிகுறிகளாகக் கொள்ளப்பட்டன. மூலநோய் தீர்ந்தால் உறக்கம் தானே வரும் என்று நம்பினார்கள். ஆனால் போருக்குப் போகுமுன்பே சரியாக உறங்காதவர்கள், திரும்பிய பிறகு மனச்சோர்வுக்கும் போர்ப்பின்னடைவு நோய்க்கும் அதிகம் ஆளானதை 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. உறக்கம் அறிகுறி மட்டுமன்று; கதவும்கூட. கெட்ட கனவுகளுக்கென்று பெரிதும் நம்பப்பட்ட பிரசோசின் என்ற மருந்து, 2018இல் முன்னாள் படைவீரர்களிடையே நடந்த பெரிய சோதனையில் வெற்று மாத்திரையைவிட மேலாக உதவவில்லை. இப்போது மருத்துவர்கள் முதலில் கைக்கொள்வது மருந்தில்லாத ஒரு பயிற்சி. குறித்த நேரத்தில் எழு. உறக்கம் வந்தால் மட்டும் படு. படுத்து உறக்கம் வராவிட்டால் அங்கேயே புரளாதே, எழுந்து வேறிடம் போ. படுக்கையை விழிப்பின் இடமாக்காதே. ஒரு கை படுக்கையிலும் ஒரு கை தலையிலுமாகக் கிடந்த நப்பூதனாரின் அரசனுக்கு யாரேனும் இதைச் சொல்லியிருக்கலாம்.

நம் இராணுவத்துக்கு இதில் தனித்த ஒரு சிக்கல் உண்டு. 1984 ஏப்ரல் 13 முதல் இந்தியப் படை சியாச்சினில் நிற்கிறது. சில நிலைகள் ஆறாயிரம் மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் மனம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் உடல் உறங்கவிடாது. பிராணவாயு குறைவு, உறங்கத் தொடங்கியதும் மூச்சு வேகமெடுத்து, பின் தளர்ந்து, சில விநாடிகள் நின்றே போகும். உடனே மூளை திடுக்கிட்டு எழுப்பிவிடும். இரவெல்லாம் இப்படியே. பனிச்சரிவு குறித்த அச்சத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் நிலையில் சரிந்த பனி, மதராஸ் ரெஜிமென்டின் 19ஆம் படையணியைச் சேர்ந்த பத்துப் பேரைப் புதைத்தது. தமிழ்நாட்டவரும் அதில் இருந்தார்கள். அந்த ரெஜிமென்டின் பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது; ரிவர்ஸ் தோடர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அதே மலை.

2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசி மனநலச் சேவைக்கு (எண் 14416) 2023 டிசம்பரில் படைவீரர்களுக்கும் குடும்பத்தினருக்குமென்று புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவு ஏற்பட்டது. நல்ல செய்தி. குடும்பத்தினருக்கும் என்ற சொல்லை நாம் அடிக்கோடிட்டுக்கொண்டோம்.

ஏனெனில் படைவீரனின் உறக்கத்தை உண்மையில் அறிந்தவள் அவன் மனைவி. ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதற்பகுதியில் ஹாட்ஸ்பரின் மனைவி கணவனிடம் அவன் உறக்கத்தைப் பற்றியே முறையிடுகிறாள்: உறக்கத்தில் போர்க்களம் பேசுகிறான், வியர்க்கிறான், உணவிலும் தன்னிடமும் நாட்டமில்லை. வியட்நாம் வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த ஜோனதன் ஷே, 1994இல் வெளியிட்ட தம் நூலில், இந்தப் பேச்சை நோய்க்குறிகளின் பட்டியலோடு அடிக்கு அடி பொருத்திக் காட்டினார். மருத்துவருக்கு நானூறு ஆண்டுகள் முன்னால் மனைவி கண்டுவிட்டாள். ஹாட்ஸ்பர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். குதிரையைக் கொண்டுவரச் சொல்கிறான்.

வீரகேரளம்புதூரில் நாம் கேட்ட பேச்சு இதுதான். அரண்மனையைப் பார்த்துவிட்டு, வெயில் தாழட்டும் என்று ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தோம். வீட்டுச் சுவரில் சீருடையில் ஒருவர் படம்; மாலை போட்டிருந்தது. எழுபத்தொன்றில் மேற்கு எல்லையில் இருந்தவராம். ஆச்சி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கேட்காமலே சொன்னார்:

“பென்சன்ல வந்த பொறவு அவுக ராத்திரி உள்ள படுத்ததே கெடயாது தம்பி. ரெண்டு மணி ஆச்சுன்னா எந்திச்சி இந்தத் திண்ணையில வந்து உக்காந்துக்கிடுவாக. தெருவையே பாத்துக்கிட்டு இருப்பாக. ஆத்துப் பக்கம் நாய் கொலச்சா எந்திச்சு நிப்பாக. என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, நீ படு, அம்புட்டுத்தான். பட்டாளத்துப் பழக்கம்னு ஊர்ல சொல்லுவாக. நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

டாக்டரிடம் காட்டவில்லையா என்று கேட்டோம். “தூக்கம் வரலன்னு டாக்டர்ட்ட போவாகளா? சிரிக்க மாட்டாகளா?” என்றார்.

முல்லைப்பாட்டின் முடிவைப் பற்றி நமக்கு ஓர் ஐயம் எப்போதும் உண்டு. கொம்பு ஊதுகிறது, குதிரைகள் தேரை இழுத்துக்கொண்டு வருகின்றன, அவ்வளவில் நப்பூதனார் நிறுத்திக்கொள்கிறார். வீடு திரும்பிய அந்த முதல் இரவில், கூரைநீர் விழும் ஓசையில், அவன் உறங்கினானா? செவி சாய்த்த குதிரை மறுபடி வந்ததா? பாட்டில் இல்லை, தமிழில் வேறெந்தப் பாட்டிலும் நாம் பார்த்தவரை இல்லை.

புறப்படும்போது, இப்போது தனியாகவா இருக்கிறீர்கள் ஆச்சி என்று கேட்டோம். மகன் திருப்பூரில் என்றார். பிறகு செம்பை எடுத்துக்கொண்டே, “அவுக போயி ஆறு வருசமாச்சு தம்பி. எனக்கு இன்னமும் ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டிருது. எந்திச்சு வந்து திண்ணையப் பாத்துட்டுப் போயி படுப்பேன்” என்றார்.